பெருக்கு நாட்களில் இல்லத்தாருக்கு

செயின்ட் ஒடில் ஊர்ச் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கும் இவெட் லவாலேவுக்கு அந்த ஜனவரியில்தான் பொறுமை தீர்ந்துபோனது.

முதலில் வந்தவள் ஷெல்பி. பத்தொன்பது வயது, கூட்டுறவுக் கடையில் வேலை. உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். ஒன்பது நாளாக உடம்பிலிருந்து ஏதோ வாடை வருகிறதாம். மூன்று சோப்பு மாற்றிப் பார்த்துவிட்டாளாம். கடையில் மீன் பிரிவுக்குத் தானே கேட்டு மாற்றிக்கொண்டு போய்விட்டாளாம், யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க. இவெட் பரிசோதித்துப் பார்த்தாள். மாதவிடாய்க்கு உள்ளே வைத்துக்கொள்ளும் டாம்பன் பஞ்சு ஒன்று எட்டாத ஆழத்தில் சுருண்டு கிடந்தது. எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து மூன்று வாரம் கழித்து வந்த காதலன், வந்த வேகத்தில் இருந்தான். இவளும் அந்த வேகத்தில் பஞ்சை மறந்துவிட்டாள்.

"எடுத்துட்டேன். இனிமே ஒண்ணுமில்ல. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே வா" என்றாள் இவெட்.

"அதை முதல்ல எடுத்துடணும்னு எனக்கு யாருமே சொல்லலையே!" என்று ஷெல்பி அழுதாள். "எனக்கு என்னமோ அழுகிப்போச்சுன்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் பாலின் வந்தாள். நாற்பத்து மூன்று வயது. மூன்று பிள்ளைகளில் கடைசிப் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகளைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள்.

"ஆனா அது அந்த அஞ்சு நாளுக்குள்ளதான் நடந்துச்சு இவெட். அப்ப நடந்தா குழந்தை தங்காதே?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

பாலின் கொஞ்சம் யோசித்தாள். "என் வீட்டுக்காரர்."

மூன்றாவது ஆள் தொலைபேசியில் வந்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஐஸ் ஹாக்கி அரங்கில் சனிக்கிழமைதோறும் ஆட்டத்தை ஒலிபெருக்கியில் வர்ணிக்கிற அந்தக் குரலை ஊரில் தெரியாதவர் கிடையாது. நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறாராம். நண்பருடைய மனைவிக்கு அந்த நாட்களில்தான் ஆசை கூடுகிறதாம். அவள் பேச்சைக் கேட்டால் நண்பருக்கு ஏதாவது ஆகுமா?

"ரெண்டு பேருக்கும் வேற தொத்து நோய் எதுவும் இல்லைன்னா ஒண்ணும் ஆகாது. இருக்கான்னு தெரியாதுன்னா ஆணுறை போட்டுக்கச் சொல்லுங்க, ரத்தத்து வழியா சிலது சுலபமாத் தொத்தும். அப்புறம், போன சனிக்கிழமை மூணாவது கோலை அவர் ரொம்ப நல்லா வர்ணிச்சார்னும் சொல்லுங்க" என்றாள் இவெட்.

எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினாள். மாதவிடாயின்போது உடலுறவு கொள்வது நோயுமல்ல, அசுத்தமுமல்ல. இருவருக்கும் விருப்பமிருந்தால் தாராளமாக. ஒருவருக்கு விருப்பமில்லாவிட்டால் கூடாது, வேறெந்த நாளையும் போலவே. டாம்பன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். அந்த நாட்களிலும் கரு தங்கலாம், நோய் தொற்றலாம். ஆணுறை இரண்டுக்கும் நல்லது. அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் படுக்கை கறைபடாது. சில பெண்களுக்கு உச்சம் வரும்போது வயிற்றுவலி குறையவும் செய்யும். துர்நாற்றம், காய்ச்சல், தாங்க முடியாத வலி, உறவுக்குப் பின் வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான். கணவன் ரெஜிக்குப் படித்துக் காட்டினாள். அவன் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே புரியுது. அதனாலதான் பயமாருக்கு" என்றான். "எனக்குப் புரியற மாதிரி எழுதினதை உங்க வாரியம் எப்ப விட்டிருக்கு?"

சுகாதார நிலையத்திலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் வட்டாரச் சுகாதார வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரியத்தில் ஏழு பேர். ஆறு ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மாள் அக்டோபரில் முதல் பனி விழுந்ததும் அரிசோனாவுக்குப் போய்விடுவாள். மே மாதம்தான் திரும்புவாள். எனவே பெண்களைப் பற்றிய விஷயங்கள் எல்லாம் குளிர்காலத்தில் ஆறு ஆண்களால் ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டன.

தலைவர் வால்டர் ப்ரீசன் அறுவடை இயந்திரம் விற்பவர். நல்ல மனிதர். கன்று ஈனத் திணறும் பசுவுக்குத் தோள்பட்டை வரை கையை விட்டு, மாட்டோடு பேசிக்கொண்டே கன்றை வெளியே இழுத்துப் போடுவார். கையைப் பனியில் துடைத்துக்கொண்டு அப்படியே சாப்பிடவும் உட்காருவார். ஆனால் இவெட்டின் காகிதத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்திருந்தார்.

"நல்ல முயற்சி இவெட். ரொம்ப நல்ல முயற்சி. இந்த ரெண்டாவது வரியில ஒரு சொல் இருக்கு பாருங்க…"

"எந்தச் சொல்?"

"அதான். அந்தச் சொல்."

"மாதவிடாயா?"

மேசையைச் சுற்றி ஆறு காபிக் கோப்பைகள் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின.

"அப்புறம் கீழே ரத்தம்னு வேற ஒரு இடத்துல வருது. ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் ஒரு உறுப்பினர்.

"ஜனங்கள்ல பாதிப் பேர் மாசாமாசம் பாக்கறாங்க. அவங்க பயப்பட மாட்டாங்க."

"மிச்சப் பாதி?"

"அவங்களுக்காகத்தான் எழுதினேன்" என்றாள் இவெட்.

வாரியம் அந்தக் காகிதத்தைத் தகவல் தொடர்பு அலுவலர் கோல்ட்டனிடம் ஒப்படைத்தது. வினிப்பெக்கில் அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கி வந்த இளைஞன். எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டான். "கொஞ்சம் மென்மையாக்கலாமே" என்பான். மூன்று கூட்டங்களில் அவன் மென்மையாக்கினான். 'மாதவிடாய்' முதல் கூட்டத்தில் 'அந்த நாட்கள்' ஆயிற்று. எந்த நாட்கள் என்று ஒருவர் கேட்டதால் இரண்டாவது கூட்டத்தில் 'இயற்கையான பெருக்கு நாட்கள்' ஆயிற்று. 'உடலுறவு' முதலில் 'நெருக்கம்' என்று இளைத்து, நெருக்கம் என்பதும் ஒரு மாதிரியாக இருப்பதாகத் தேவாலய மூப்பர் ஒருவர் முகம் சுளித்ததால், 'வழக்கமான இல்ல நடவடிக்கைகள்' என்று குணப்பட்டது. 'டாம்பன்' 'அடைப்பான்' ஆனது. 'ஆணுறை' என்று போட்டால் பள்ளிக்கூடத்தில் வைக்க முடியாது என்பதால் 'தகுந்த ரப்பர் பாதுகாப்பு' என்று மாற்றினார்கள். உச்சம் என்ற சொல்லைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த முறை காகிதம் வந்தபோது அது அங்கே இல்லை.

அட்டைப்படத்துக்கு முதலில் கைகோத்த கணவன் மனைவி படம் வைத்திருந்தான் கோல்ட்டன். "கையை ஏன் அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்காங்க?" என்று வால்டர் கேட்டார். கடைசியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரு படம் கிடைத்தது. ஊரை ஒட்டி ஓடும் ரெட் ரிவர், மாலை வெயிலில். ஆற்றின் பெயர் சிவப்பு என்பதை நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள்.

அச்சுக்குப் போகுமுன் இவெட்டிடம் ஒரு பிரதி காட்டினார்கள். அவளுக்கு ஓட்டு கிடையாது. பார்வையிடும் உரிமை மட்டும் உண்டு.

"வால்டர், இதை எழுதினவளே நான்தான். எனக்கே இதுல ஒண்ணும் புரியல."

"புரிய வேண்டியவங்களுக்குப் புரியும் இவெட்."

"புரிஞ்சவங்களுக்கு இது எதுக்கு?"

வால்டர் அன்போடு அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆறு கைகள் உயர்ந்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அச்சகத்தில் தாமதமாகி, பிரசுரம் வீடு வீடாகத் தபாலில் வந்து சேர்ந்தது ஏப்ரல் இரண்டாவது வாரத்தில். அந்த வாரம்தான் தெற்கே டகோட்டாப் பக்கம் பனி மொத்தமாக உருகி, ஆற்றுநீர் ஒரு நாளைக்கு ஒன்றரை அடி என்று ஏறிக்கொண்டிருந்தது. ஊரே மணல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அரசாங்க முத்திரையோடு, ஆற்றின் படத்தோடு, இப்படி ஒரு காகிதம்:

'பெருக்கு நாட்களில் இல்லத்தார் கவனத்திற்கு. பெருக்கு இயற்கையானது, அஞ்ச வேண்டாம். வழக்கமான இல்ல நடவடிக்கைகளை, இருவரும் மனமொத்து விரும்பினால், தாராளமாகத் தொடரலாம். தொடங்குமுன் அடைப்பானை மறவாமல் எடுத்துவிடவும். பழைய துண்டுகளை விரித்துக்கொள்ளவும். தகுந்த ரப்பர் பாதுகாப்பு அணியவும். இதனால் சிலருக்கு வலி குறையவும் கூடும். துர்நாற்றம் இருந்தால் எங்களை அழைக்கவும்.'

ரெஜி அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடியே படித்தான். "இவெட், இதுல மணல் மூட்டையைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் அட்டையை இன்னொரு முறை பார்த்தான். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தான். இவெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சுகாதார நிலையத்தின் தொலைபேசி ஓயவில்லை. முதல் ஆள் கிழவர் அர்மான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோதுமை போடுகிறவர்.

"ஏம்மா, எழுபத்தொம்பது வருஷமா இந்த ஆத்தங்கரையில கிடக்கறேன். தொண்ணூத்தேழு வெள்ளத்துல கூரை மேல நின்னவன் நான். துண்டை விரிச்சு வெள்ளத்தைத் தடுக்கச் சொன்ன அரசாங்கத்தை இப்பத்தான் பாக்கறேன்!"

"அது வெள்ளத்துக்கு இல்ல அர்மான்."

"அப்புறம் இதென்ன, ரெண்டு பேரும் மனமொத்து விரும்பினா? ஆறு என்ன என்கிட்ட சம்மதம் கேட்டுட்டா வருது? வலி குறையுமாம்! நேத்து நாப்பது மூட்டை தூக்கினேன், இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. எனக்குக் குறையலையே!"

இவெட் விளக்கிச் சொன்னாள். சுற்றிவளைக்காமல், அசல் காகிதத்தில் எழுதியிருந்த அதே சொற்களில் சொன்னாள். 

"என் பொண்டாட்டி செத்துப் பதினொரு வருஷம் ஆச்சும்மா" என்றார் அர்மான் கடைசியில். "ஆனா அந்தத் துண்டு விஷயத்தை அப்பவே யாராச்சும் சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்."

அன்று மதியத்துக்குள் ஊரில் இருந்த இரண்டு கடைகளிலும் ரப்பர் பூட்ஸ் தீர்ந்துபோனது. துர்நாற்றம் பற்றி பதினான்கு பேர் புகார் கொடுத்தார்கள். அத்தனையும் செத்த எலியும் சாக்கடையும். ஷெல்பி மட்டும் நிலையத்துக்கே வந்து, பிரசுரத்தை மேசையில் வைத்து, "இது நம்ம விஷயம்தானே?" என்று கேட்டாள். ஊரிலேயே அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு இனி அது தேவையுமில்லை.

வியாழக்கிழமை காலை எல்ஃப்ரீடா ப்ரீசன் வந்தாள். வாரியத் தலைவர் வால்டருடைய மனைவி. அறுபதைத் தொடப்போகிற, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் இருக்கிற பெண்மணி. அன்று முழங்கால் வரை பூட்ஸ், அதற்கு மேலே சேறு. கேக்குத் தட்டில்லாமல் எங்கேயும் போகாதவள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள்.

"இவெட், நீ எழுதின அசல் காகிதம் இருக்கா?"

"இருக்கு. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? எங்க வீட்டு நிலவறையில ரெண்டடித் தண்ணி. சாக்கடைத் தண்ணி."

எல்ஃப்ரீடா நடந்ததைச் சொன்னாள். ஆறு ஏறும்போது சாக்கடை எதிர்த்து வராமலிருக்க, எல்லார் வீட்டு நிலவறையிலும் தரையில் இருக்கும் வடிகால் வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி மூடி வைப்பார்கள். வால்டரும் மூடித்தான் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை இவள் பிரசுரத்தைப் படித்தாள். அடைப்பானை மறவாமல் எடுத்துவிடவும் என்று கணவருடைய கையெழுத்தோடு, அரசாங்க முத்திரையோடு போட்டிருந்தது. கீழே போனாள். எடுத்துவிட்டாள். கூடவே பழைய துண்டுகளையும் விரித்துவைத்தாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

"அவரு ஆத்தங்கரையில மூட்டை அடுக்கப் போயிட்டாரு. சாயங்காலம் வந்து பாத்தாரு. எதுக்குடி அடைப்பானை எடுத்தேன்னு ஒரு கத்து. நீங்கதானே எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு காகிதத்தை நீட்டினேன். அது இந்த அடைப்பான் இல்லேன்னாரு. வேற எந்த அடைப்பான்னேன். மனுஷன் சிவந்துட்டாரு இவெட். அறுவடை மிஷின் கலர்ல சிவந்துட்டாரு. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு, 'அது… பொம்பளைங்க… உள்ள…'ன்னு சுவத்தைப் பாத்துச் சொல்றாரு!"

இருவரும் சிரித்தார்கள். இவெட்டுக்கு அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. எல்ஃப்ரீடாதான் முதலில் நிறுத்தினாள்.

"நிலவறையில ஒரு கட்டில் கிடக்கு. தெரியுமா உனக்கு? மடக்குக் கட்டில். கல்யாணம் ஆன புதுசுல அவரு கொண்டாந்து போட்டாரு. எனக்கு மாசாமாசம் வரும்போதெல்லாம் தலையணையை எடுத்துக்கிட்டுக் கீழே போயிடுவாரு. அஞ்சு நாள். முப்பது வருஷம். எனக்கு ஓய்வு குடுக்கறதா அவரு நெனப்பு. நான் எப்பவாச்சும் ஓய்வு கேட்டேனா? எனக்கு வயித்துவலிதான். முதுகைக் கொஞ்சம் தேய்ச்சுவிட ஆள் இருந்தாப் போதும்னு இருக்கும். மத்ததுக்கும் ஆசை இருந்துச்சு, மத்த நாளைவிட அப்பத்தான் அதிகமா இருந்துச்சு. என்னடா இது, நான் மட்டும்தான் இப்படிக் கெட்டுப்போயிருக்கேனோன்னு நெனச்சுக்கிட்டுச் சும்மா கிடப்பேன். அதெல்லாம் நின்னு ஏழு வருஷம் ஆச்சு. நேத்து அந்தக் கட்டில் தண்ணியில மிதக்குது. பாத்துக்கிட்டே நின்னேன்."

இவெட் இழுப்பறையைத் திறந்து அசல் காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். எல்ஃப்ரீடா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். சில பெண்களுக்கு வலி குறையும் என்ற இடத்துக்கு வந்தபோது விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, அதை இரண்டாம் முறை படித்தாள்.

"அட கர்த்தாவே" என்றாள் மெதுவாக. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "மூணு மணிக்கு ஹாக்கி அரங்குல வெள்ளக் கூட்டம் இருக்கில்ல? நீயும் வா."

அரங்கில் பனித்தளத்தை உருக்கிவிட்டு வெறும் சிமெண்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். எல்லார் காலிலும் புது ரப்பர் பூட்ஸ். ஊர்த் தலைவர் லியோன் ஆற்றின் மட்டத்தைச் சொல்லி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றதும் முந்நூறு பேரும் பிரசுரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். லியோன் திகைத்து வால்டரைப் பார்த்தார். வால்டர் தன் காலணியைப் பார்த்தார். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கோல்ட்டன் எழுந்து, செய்தியின் தொனியில் ஒரு சிறு ஒத்திசைவின்மை நேர்ந்திருக்கலாம் என்றான். அதைக் கேட்டு ஊர் இன்னும் குழம்பியது.

எல்ஃப்ரீடா நடந்துபோய் லியோன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"இது வெள்ளத்தைப் பத்தின காகிதம் இல்ல. என் வீட்டுக்காரர் தலைமையில ஆறு ஆம்பிளைங்க மூணு மாசம் உக்காந்து யோசிச்சு இதை இப்படி ஆக்கியிருக்காங்க. நர்ஸ் எழுதினது இதுதான்" என்று சொல்லிவிட்டு, மடித்த தாளைப் பிரித்து, ஞாயிறு ஆராதனையில் வசனம் வாசிக்கிற அதே தெளிந்த குரலில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தாள். மாதவிடாய் என்ற சொல் கூரைத் தகட்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஆணுறை வந்தது. உச்சம் வந்தபோது பின் வரிசையில் யாரோ ஒரு காபிக் குடுவையைக் கீழே போட்டார்கள்.

வாசித்து முடித்ததும் கிழவர் அர்மான்தான் முதலில் எழுந்தார். 

"எல்லாம் சரி. நிலவறை அடைப்பானை எடுக்கணுமா, வேண்டாமா?"

"எடுக்காதீங்க!" என்று எல்ஃப்ரீடா கத்தினாள். இருபது முப்பது பேர் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள்.

மற்றவர்கள் ஓடவில்லை. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மெல்லப் பரவியது. இவெட் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருடமாக இதையெல்லாம் அவள் பேசியது கதவைச் சாத்திய அறையில், ஒரு நேரத்துக்கு ஒரே ஒருவரிடம்தான். எல்ஃப்ரீடா மைக்கை நீட்ட, அவள் வாங்கிக்கொண்டாள். வால்டரைத் திட்டலாமா என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. அவர் தலை குனிந்திருந்தார், கழுத்து வரை சிவந்து. திட்டத் தோன்றவில்லை.

"யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்றாள்.

 நடுவரிசையில் பாலின், ஐந்து மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள். "எனக்குக் கேள்வி இல்ல. அந்த நாள்ல குழந்தை தங்காதுன்னு யாராச்சும் இன்னும் நம்பிக்கிட்டிருந்தா என்னைப் பாத்துக்குங்க, அவ்வளவுதான்" என்றாள். "என் வீட்டுக்காரரையும் பாத்துக்குங்க. மார்க், எந்திரி." மார்க் எழுந்து நின்றான். அரங்கம் கைதட்டியது.

அதன் பின் கேள்விகள் வந்தன. ஒருத்தி, காப்பர் டி வைத்திருக்கிறேன், அப்போதும் ஆணுறை வேண்டுமா என்றாள். அது கரு தங்காமல் காக்கும், நோய் தொற்றாமல் காக்காது என்றாள் இவெட். டிராக்டர் தொப்பி போட்ட ஒருவன், மனைவி வேண்டாம் என்று சொன்னால் அது வலியாலா அல்லது தன்மேல் வெறுப்பாலா என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். "அவங்களைக் கேளு" என்றாள் இவெட். "இங்கதானே உக்காந்திருக்காங்க." அவன் மனைவி, "வலிதான்டா முட்டாள்" என்றாள், முந்நூறு பேர் கேட்க. அவள் வலி எப்படி என்று இவெட் விசாரித்தாள். மாதம் மூன்று நாள் எழுந்து நடக்கவே முடியாது என்றாள் அந்தப் பெண். அது சகித்துக்கொள்ள வேண்டிய வலியில்லை, திங்கட்கிழமை கட்டாயம் வா என்று இவெட் சொன்னபோது அரங்கில் சிரிப்பு அடங்கியிருந்தது. ஹாக்கி வர்ணனைக்காரர் தன் நண்பர் ஒருவர் சார்பில் நன்றி சொன்னார், தன் சொந்தக் குரலில்.

நாலரை மணிக்கு லியோன் மைக்கைக் கெஞ்சி வாங்கி, ஆறு இன்னும் நாலு அங்குலம் ஏறியிருப்பதை நினைவூட்டினார். எல்லாரும் மூட்டை அடுக்கக் கிளம்பினார்கள். அடுக்கிய மூட்டைகளின் உச்சிக்கு ஒரு சாண் மீதமிருக்க, சனிக்கிழமை ஆறு ஏறுவது நின்றது, பிறகு இறங்கியது. அந்த வாரம் ஊரில் நனைந்த வீடுகள் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் சொல்பேச்சுக் கேட்டு அடைப்பானை எடுத்தவர்களின் வீடுகள்.

வாரியம் மே மாதம் கூடியது. அரிசோனாவிலிருந்து திரும்பிய அம்மாள், தான் இல்லாதபோது என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இனி அங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லிப் பதவி விலகினாள். அந்த இடத்துக்கு எல்ஃப்ரீடா மனுப் போட்டாள். மறுக்க யாருக்கும் துணிவில்லை. முதல் கூட்டத்திலேயே அசல் பிரசுரத்தை மறுபடி ஓட்டுக்கு விட்டாள். அவள் கையைத் தொடர்ந்து மற்ற ஐந்து கைகளும் தயங்கித் தயங்கி உயர்ந்தன. தலைவர் தன் மனைவி சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லி ஓட்டளிக்கவில்லை, ஆனால் எதிர்க்கவுமில்லை. கட்டில் குப்பைமேட்டுக்குப் போனது என்று இவெட்டிடம் எல்ஃப்ரீடா ஒருநாள் சொன்னாள். "இப்ப மேலேதான் தூங்கறாரு. குறட்டை விடறாரு. அதுக்காகத்தான் கீழே போனாரோன்னு இப்பச் சந்தேகமா இருக்கு."

கோல்ட்டனுக்குத் தலைநகரில் பெரிய பதவி கிடைத்தது. வாரியத்தின் ஆண்டறிக்கையில் 'மக்களோடு ஒளிவுமறைவற்ற உரையாடல்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி, அரங்கக் கூட்டத்தின் படத்தையும் போட்டுவிட்டுத்தான் போனான். வாரியத்துக்கு ஒரு பாராட்டுக் கேடயமும் வந்தது. வால்டர் அதை அலுவலகச் சுவரில் மாட்டினார். இவெட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அதில் எதற்கு நன்றி என்று குறிப்பிடப்படவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம் பக்கத்து வட்டாரத்து வாரியத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். பிரசுரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். அருமையான முயற்சியாம். தங்கள் வட்டாரத்துக்கும் ஐந்தாயிரம் பிரதி வேண்டுமாம்.

"தாராளமா அனுப்பறேன்" என்றாள் இவெட்.

"ஒரே ஒரு சின்ன மாத்தம். ரெண்டாவது வரியில ஒரு சொல் இருக்கு. அதை மட்டும் கொஞ்சம்…"

"எந்தச் சொல்?"

"அதான்… அந்தச் சொல்."

"ரெண்டாவது வரியில நாலஞ்சு சொல் இருக்குங்களே. எதுன்னு சொன்னீங்கன்னா எடுத்துடறேன். நீங்க வாயால சொன்னாப் போதும்."

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. இவெட் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அன்று வந்தவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவசரமில்லை. மூன்று மணி வரைக்கும் அவளுக்கு வேறு வேலையில்லை.